இடது கைக்கு மூன்று விரல்

போடிநாயக்கனூர்
10 ஜூன் 2024

தம்பி சுகிர்தனுக்கு,

அக்கா செல்வமணி எழுதுவது. வழக்கமாக ஸ்தோத்திரம் போட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதைப் பார்த்ததும் நீ கிழித்துப் போட்டுவிடுவாயோ என்று இந்தத் தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உன் நம்பருக்குப் பதினேழு தடவை அடித்தாயிற்று. முதலில் நீ எடுக்கவில்லை. இப்போது அப்படியொரு எண்ணே கிடையாது என்கிறது. மேகமலையில் டவர் இருக்காது என்று உன் அத்தான் உனக்காக வக்காலத்து வாங்குகிறார். டவர் இல்லாத ஊராகத் தேடிப் பிடித்துப் போனவன்தானே நீ. டீ பாக்டரி, சுகிர்தராஜ் என்று எழுதினால் போய்ச் சேரும் என்று போஸ்ட்மேன் சொன்னார், எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. நம் சாக்குக் கடைக்கும் மாடி வீட்டுக்கும் நடுவில் இருப்பதே ஒன்பது படி, அதை மூன்று தடவை உட்கார்ந்து ஏறுகிறார்கள். நவம்பருக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார் மதுரை டாக்டர். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். காரணம் நீதான்.

"நேந்துக்கிட்டதை முடிக்காம மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன். எந்திரிக்காமப் போயிட்டா அங்கன போயி என்ன பதில் சொல்லுவேன்?"

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர்கள் கேட்பது அவரிடம் இல்லாத மருந்து. நீ ஏழாம் மாதத்தில் பிறந்தாய், ஒன்றேகால் கிலோ. உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தபோது, பிழைத்தால் இவன் கையை ஆலயத்துக்குத் தருகிறேன், உயிர் உள்ளவரை ஆராதனைக்கு வாசிப்பான் என்று பொருத்தனை செய்தார்கள். ஏழு வயதில் உன்னை ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தார்கள். முப்பத்திரண்டு வயதில், பெரிய வெள்ளி ஆராதனையின் நடுவில், கீபோர்டை மூடிவிட்டு நீ எழுந்து போனாய். இரண்டு வருஷமாக நம் சபைக்கு பென் டிரைவ்தான் வாசிக்கிறது. ஆறு சரணப் பாட்டுக்கு அது நாலு சரணத்தில் நின்றுவிடும். மிச்ச இரண்டையும் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒருவழியாகக் கரை சேர்க்கிறோம்.

பயப்படாதே, உன்னை வரச் சொல்லவில்லை. நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தர் செய்தால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். "ஆண்டவர் ஏத்துக்குவாரும்மா. ஒங்கம்மா ஏத்துக்கணுமே" என்றார். அம்மா நாலு நாள் யோசித்து ஏற்றுக்கொண்டார்கள். அக்டோபர் 20, அறுப்பின் பண்டிகை. அம்மாவுக்கு உயிரான அந்த அறுப்புப் பாட்டு, ஆறு சரணமும், என் கையால், நடுவில் நிற்காமல். அது முடிந்தால் ஆஸ்பத்திரி.

எனக்கு வயது நாற்பத்தைந்து. இது சாக்கு தைத்த கை. தேனியில் ஒரு கீபோர்டு வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று "குட் ஈவினிங் மிஸ்" என்றார்கள். திரும்பி ஓடி வந்துவிட்டேன். நீ சொல்லிக்கொடு. திட்டிக்கொண்டாவது சொல்லிக்கொடு.

உன் அக்கா
செல்வமணி


மேகமலை
21 ஜூன் 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இவ்வளவு முடியாமல் இருப்பது எனக்குத் தெரியாது.

நான் வர மாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

பொருத்தனைக் கதையை எழுதினாய். அதில் ஒன்றை விட்டுவிட்டாய். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னேன். "ஞாயித்துக்கிழமை யாரு வாசிப்பா?" என்றுதான் அம்மா கேட்டார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. "என்னயக் கேட்டா நேந்தீக?" என்றேன். "கேக்குற நெலமையிலயாலே இருந்தே? ஒண்ணேகால் கிலோ இருந்தே" என்றார்கள். நீ சிரித்தாய். அத்தானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வாசிக்கும்போது, இது என் பக்தியா, அம்மாவின் பக்தியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருவேளை எனக்கென்று ஒன்றுமே இல்லையோ என்று தோன்றியது. அதோடு எழுந்துவிட்டேன். கீபோர்டைத் தொடவே பிடிக்காமல் கோயம்புத்தூரையும் விட்டுவிட்டு இந்த மலைக்கு வந்தேன்.

சரி, பாடம். நகத்தை ஒட்ட வெட்டு. வளையலைக் கழற்றி வை. ஒரு பழைய சாக்கில் கறுப்பு மையால் கீபோர்டு வரைந்துகொள், வெள்ளைக் கட்டை நிஜ அகலத்தில் இருக்க வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதில் விரலை ஓட்டு. பெருவிரல் 1, சுண்டுவிரல் 5. முதல் மூன்று சரணத்துக்கும் வலது கை விரல் எண்களைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இடது கை இப்போதைக்கு மடியிலேயே இருக்கட்டும். வேகமாக வாசிக்காதே. தப்பாக வாசித்துப் பழகினால் பிறகு அதை மறக்க ஆறு மாதம் ஆகும், உனக்கு அவ்வளவு நாள் இல்லை.

சுகிர்தன்


போடி
8 ஜூலை 2024

தம்பி,

நான் சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்கு இலை போட்டபடி சிரித்தேன். வீட்டில் சண்டை வந்தால் சிரித்துச் சமாளிப்பது எனக்குப் பழக்கம், அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

சாக்கில் வரைந்தாயிற்று. நம்மிடம் இல்லாத சாக்கா! கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்து விரலை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நெடுங்கண்டத்தில் இருந்து ஏலக்காய்ச் சாக்கு வாங்க வந்த ஒரு ஆள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, கைக்கு வேதனயாணோ?" என்று கேட்டுத் தைலத்தின் பெயர் வேறு சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் கோயில்பிள்ளை முத்துராஜா மணியடிக்க வரும்போது கதவைத் திறந்துவிடுகிறார். நிஜக் கீபோர்டில் ஒரு மணி நேரம். முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பெருக்கினார். இந்த வாரம் பஞ்சு இல்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்தப் பாட்டை நாற்பது வருஷமாகப் பாடியிருக்கிறேன். இப்போது ஒரு வரியை நாற்பது தடவை வாசிக்கும்போதுதான் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்றே காதில் விழுகிறது. நான் எப்போதும் ஜெபம் பண்ணினால் பட்டியல்தான்: அம்மா முட்டி, அத்தான் சுகர், உன் கோபம், கடை. விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பட்டியல் மறந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கும் அது புதுசாக இருக்கும்.

மூன்று சரணம் வலது கையில் வருகிறது. இடது கையை மடியில் இருந்து எப்போது எடுக்கலாம்?

செல்வமணி


மேகமலை
24 ஜூலை 2024

அக்கா,

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். எழுதினதும் எனக்கே மனசு லேசாகிவிட்டது.

இடது கையை எடு. இடது கைக்கு மூன்று விரல் போதும். சி கட்டையில் நடுவிரல், ஈ கட்டையில் ஆள்காட்டி விரல், ஜி கட்டையில் பெருவிரல். 3, 2, 1. கை கொஞ்சம் விரிய வேண்டியிருக்கும், முதலில் வலிக்கும், பிறகு பழகிவிடும். மற்ற இரண்டு விரலையும் உள்ளே மடக்கி வைத்துக்கொள், குறுக்கே வராது. எஃப், ஜி எல்லாவற்றுக்கும் இதே கணக்கை எழுதி அனுப்புகிறேன். ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன், அதனால் நம்பி வாசி.

அம்மா மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

சுகிர்தன்


போடி
19 ஆகஸ்ட் 2024

தம்பி,

நாலாவது சரணம் வரை இரண்டு கையும் சேர்ந்து போகிறது. ஐந்தாவதில் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறது.

அதைக் கேட்க வெட்கத்தை விட்டு அந்தத் தேனி வகுப்புக்கே மறுபடி போனேன். உமாதேவி டீச்சர் நல்ல மனுசி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு என்னை வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி வாசித்ததும் என் இடது கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "யாரு சொல்லிக் குடுத்தாக? இந்த ரெண்டு வெரலையும் ஏன் மடக்கி வச்சிருக்கீக?" என்றார். சுண்டுவிரல், நடுவிரல், பெருவிரல் என்று 5, 3, 1 போடுவதைத்தான் பிள்ளைகள் முதல் வாரமே படிக்குமாம். "ஒங்களுக்கு வேணும்னே கஷ்டமா எழுதியிருக்காக" என்றார்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். நீ வேண்டுமென்றே கஷ்டப்படுத்துகிறவன் இல்லை. இருபத்தைந்து வருஷம் வாசித்தவனுக்கு முதல் வாரப் பாடம் தெரியாமல் இருக்காது. உன் எல்லாக் கடிதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். இடது கைக்கு ஒரு இடத்தில்கூட 4 இல்லை, 5 இல்லை.

சுகிர்தா, உன் கைக்கு என்ன ஆச்சு?

செல்வமணி


மேகமலை
2 செப்டம்பர் 2024

அக்கா,

போன வருஷம் நவம்பரில், தேயிலை உருட்டும் மெஷினில் பெல்ட் கழன்றது. நிறுத்தாமல் கையை விட்டேன். என் அவசரம்தான், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. நன்றாக ஆறிவிட்டது. இப்போது ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன்.

போன் நம்பரை மாற்றியதும் அதனால்தான். அம்மா கேள்விப்பட்டால் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். நேர்ந்த கையை எடுத்துக்கொண்டு ஓடினான், ஆண்டவர் கையையே எடுத்துக்கொண்டார் என்பார்கள். சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கே அதுதான் முதலில் தோன்றியது. நான் விட்டுவிட்டு வந்த ஒன்றை, இனி திரும்பி எடுக்கவே முடியாதபடி ஆக்கிவிட்டாரே என்று அழுதேன். அதுவரைக்கும், என்றைக்காவது என் இஷ்டத்துக்குப் போய் வாசிப்பேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. எனக்கே தெரியாமல்.

உமாதேவி டீச்சர் சொன்னதுதான் சரி. நீ 5, 3, 1 போட்டு மாற்றிக்கொள். உன் கை நன்றாக இருக்கிறது, நீ ஏன் கஷ்டப்பட வேண்டும்? இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, மாற்றிவிடலாம்.

அம்மாவிடம் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சுகிர்தன்


போடி
11 செப்டம்பர் 2024

என் தங்கத் தம்பி,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன். கடையின் பின்பக்கம் சாக்குக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். தூசி என்று உன் அத்தானிடம் பொய் சொன்னேன். பத்து மாதமாக ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாயே, உனக்குச் சோறு பிசைந்து கொடுத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு வரவில்லையா? இதற்கு மட்டும் உன்னை நேரில் பார்க்கும்போது திட்டுவேன்.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் விரலை மாற்ற மாட்டேன். உமாதேவி டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். என்னிடம் ஐந்து விரல் இருந்தாலும், இந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்த கைக்கு மூன்றுதான். அப்படியே வாசிக்கிறேன். கை விரிந்து வலிக்கும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து எழுதுவதாகச் சொன்னாயே, எதில் சரிபார்க்கிறாய்?

அக்கா


மேகமலை
3 அக்டோபர் 2024

அக்கா,

கண்டுபிடித்துவிட்டாய்.

இங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஐயப்ப பஜனைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் ஒரு ஆர்மோனியம் இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்று குருசாமி கருத்தக்கண்ணனிடம் போய்க் கேட்டேன். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும், வாசிக்க மிஞ்சுவது ஒரு கைதான். எனக்கு இரண்டு கையும் வேண்டும். அவரே எதிரில் உட்கார்ந்து துருத்தி போட்டார். பதினைந்து வாரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். "இது என்ன ராகம் சாமி, வயல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அறுப்புப் பாட்டு என்றேன். "நல்லாருக்கு, இன்னொருக்காப் போடுங்க" என்றார். பதிலுக்குச் சனிக்கிழமை பஜனைக்கு வாசிக்கிறேன். அவர் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உனக்கு அனுப்பிய ஒவ்வொரு வரியும் முதலில் நான் விழுந்து எழுந்த வரி. உனக்குப் பாடம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நானும் உன்னோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஐந்தாவது சரணத்துக்கு முன்னால் ஒரு மூச்சு விடு. சபையும் விடும். அவ்வளவுதான் அதில் இருக்கும் கஷ்டம்.

சுகிர்தன்


போடி
21 அக்டோபர் 2024

தம்பி,

நேற்று முடிந்தது. வாழைத்தார், கம்பத்துத் திராட்சைப் பெட்டி, சேனைக்கிழங்கு என்று பீடத்துக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. இரண்டாவது சரணத்தில் ஒரு கட்டை தப்பாக விழுந்தது, நிற்கவில்லை. ஐந்தாவதுக்கு முன்னால் மூச்சு விட்டேன். சபை முழுக்க என்னோடு மூச்சு விட்டது, சுகிர்தா. ஆறும் முடிந்தது. முத்துராஜா மணியடிக்கிற கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் விஷயம். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அசன விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்கள்.

"ஒன் இடது கையில ரெண்டு வெரலு மடங்கியே இருந்துச்சு. அவன் அப்படி வாசிக்கிறவன் இல்ல. இருவத்தஞ்சு வருசமா அவன் கையைத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். ஒனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கான்னா, அவன் கை எப்படி இருக்கு?"

நான் உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். என்னைத் திட்டிக்கொள்.

அம்மா அழவில்லை. ரொம்ப நேரம் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்கள். போதகர் ஐயா வந்து பொருத்தனை நிறைவேறியது என்று வாழ்த்தியபோதும் தலையை மட்டும் ஆட்டினார்கள். இன்று காலையில் சொன்னார்கள்: "ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஆனா அவன் வரணும். வாசிக்க வேண்டாம். கையை மட்டும் காட்டிட்டுப் போகச் சொல்லு."

நவம்பர் 15, வெள்ளிக்கிழமை என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். வருவாயா?

அக்கா


மதுரை
17 நவம்பர் 2024, ஞாயிறு

அக்கா,

அம்மா காலையில் அரை டம்ளர் கஞ்சி குடித்தார்கள். நாளைக்கு வார்டுக்கு மாற்றுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தான் சாயங்காலம் ஊருக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ இந்நேரம் கோயிலில் வாசித்துக்கொண்டிருப்பாய். நீதான் போக வேண்டும் என்று அம்மா விரட்டியது நல்லதாயிற்று, இங்கே இருந்தால் நர்சுகளோடு சண்டை போட்டிருப்பாய்.

வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போகும் முன்னால் ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம் என்றார்கள், அம்மா என்னைக் கை காட்டினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நீ அன்றைக்கெல்லாம் கேட்டாய், நேற்று பஸ் ஏறும்போதும் கேட்டாய். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை. எழுதுவது நமக்குப் பழகிவிட்டது.

நர்ஸ் கையெழுத்துப் பாரத்தையும் பேனாவையும் கொடுத்துவிட்டு வெளியே போனார். அம்மா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு "கையைக் குடு" என்றார்கள். வந்த நாலு நாளும் நான் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன், அவர்களும் கேட்கவில்லை. இப்போது கொடுத்தேன். விரல் இருந்த இடத்தைத் தடவினார்கள். குளிர்ந்த கை.

"இதை ஆண்டவர் எடுக்கலைலே. அவருக்கு ஒன் வெரலு எதுக்கு? நாந்தான் ஒன்னைய அந்த மலைக்கு வெரட்டுனேன்."

"மெஷின்தாம்மா எடுத்துச்சு" என்றேன்.

"பொறந்தப்ப ஒன்னையக் கேக்க முடியல. பெறகு கேட்டிருக்கலாம். ஏழு வயசுல கேட்டிருக்கலாம், கோயம்புத்தூருக்குக் கெளம்புனப்பவாச்சும் கேட்டிருக்கலாம். மாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே கேக்காம இருந்துட்டேன். இப்பக் கேக்குறேன். வாசிக்கிறியாலே? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. நீ எது சொன்னாலும் நான் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்."

மாட்டேன் என்ற சொல்லைத்தான் இரண்டு வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன், அக்கா. எப்போது கேட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துப் பார்த்தேன். உள்ளே கோபம் ஒன்றும் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நிஜமாகவே பதில் தெரியாதவர்கள் பார்க்கிற மாதிரி.

"வாசிக்கிறேம்மா" என்றேன்.

சரி என்று தலையாட்டினார்கள். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, என் கையை விடாமலே, அன்னத்தாய் என்று முழுப் பெயரையும் எழுதினார்கள்.

சுகிர்தன்